கைக்குட்டையா, மோதிரமா, கடன் பத்திரமா?

திருவிழாவில் நாடகம் போட எங்களுக்குக் கிடைத்தது ஒன்றரை மணி நேரம். இரவு எட்டிலிருந்து ஒன்பதரை வரை. பத்து மணிக்கு ஸ்பெஷல் நாடகக்காரர்கள் ஆர்மோனியத்தோடு மேடை ஏறிவிடுவார்கள். அதற்குள் நாங்கள் எங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு இறங்கிவிட வேண்டும்.

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் கிளை நூலகத்தில் பதினோரு பேர் உட்கார்ந்து எதையாவது வாசிப்போம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகுக்குப் போகிற பையன்கள் வலை பொத்துகிற நேரம் போக சும்மா இருப்பார்கள். நாடகம் போட அதைவிட நல்ல காலம் கிடையாது. திருவிழாக் கமிட்டி மூன்று நிபந்தனை போட்டது: கதை பெரிய கதையா இருக்கணும், பேச்சு புரியணும், மறுநாள் ஊருக்குள்ள சண்டை வரக் கூடாது. கடைசி நிபந்தனைதான் எங்களை ஒரு மாதம் அலைக்கழித்தது.

காதலையும் அதிகாரத்தையும் வைத்து ஒருவர் இன்னொருவரை ஆட்டிவைக்கிற கதையாக எடுப்போம் என்று முடிவானது. அதற்கு நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமா? கோள் மூட்டுவது, ஏத்திவிடுவது, சொக்குப்பொடி போடுவது, மருந்து வைப்பது, நைச்சியம் பண்ணுவது என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலை. எந்த நாடகத்தில் எது நடக்கிறது என்று பிரித்துப் பார்த்தபோதுதான் தேர்வே பிடிபட்டது. இன்னொரு சல்லடையும் வைத்துக்கொண்டேன். கதையைத் திருப்புகிற பொருள் எது, மணலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அது தெரியுமா?

சீக்கிரம் கழிந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனை யாரும் தொட விடவில்லை. யாருக்கு என் மேல் பாசம் அதிகம் என்று மகள்களைக் கேட்டு நிலத்தைப் பங்கு போடுகிற கதை. பாகப்பிரிவினை வழக்கு நடக்காத தெரு எங்கள் ஊரில் இல்லை. அதோடு அது முடிந்தது. அவருடைய மாக்பெத் எனக்கு ஆசைதான். பம்மல் சம்பந்த முதலியார் அதையே ‘மகபதி’ ஆக்கித் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தவர். பெண்டாட்டி ஏத்திவிட்டுப் புருசன் கெட்டான் என்றுதான் எல்லாரும் அந்தக் கதையைச் சொல்வார்கள். ஆனால் முதல் கொலைக்குப் பிறகு கவனியுங்கள். பாங்கோவைக் கொல்ல ஆள் அனுப்புவதை அவன் அவளிடம் சொல்வதில்லை. உனக்குத் தெரியாமலே இருக்கட்டும் கண்ணே என்று ஒதுக்கிவிடுகிறான். ஆட்டிவைத்தவள் அன்றோடு தனியாளாகிறாள், தூக்கத்தில் கை கழுவுகிறாள். ஆவியும் சூனியக்காரிகளும் நடக்கிற காடும் எங்கள் பட்ஜெட்டுக்கு – பட்ஜெட் என்று சொல்வதற்குக்கூட எங்களிடம் காசு இல்லை – ஒத்துவராது.

மனோன்மணீயத்தை விட்டதில் எனக்கு இன்னும் வருத்தம். 1891-இல் சுந்தரம் பிள்ளை எழுதியது. ‘நீராருங் கடலுடுத்த’ என்று எங்கள் பிள்ளைகள் தினமும் காலையில் பாடுவது அந்த நூலின் பாயிரத்தில் இருப்பதுதான். கடலை உடுத்திய நிலத்தைப் பாடிவிட்டு உள்ளே போனால் குடிலன் இருக்கிறான். பாண்டியன் சீவகனைப் புகழ்ந்து புகழ்ந்தே மதுரையைவிட்டு நெல்வேலிக்குக் கோட்டை மாற்ற வைக்கிற மந்திரி. தன் மகன் பலதேவனுக்கு இளவரசியைக் கட்டிவைத்து நாட்டை மடக்கப் பார்க்கிறான். புகழ்ச்சியால் ஒருவனைக் கட்டிப்போடுவதை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய தமிழ் நாடகம் வேறு எனக்குத் தெரியாது. ஆனால் முழுக்கச் செய்யுள். முதல் நாள் வாசிப்பில் பதினைந்து நிமிடத்துக்குள் இரண்டு பேர் டீ குடிக்கப் போனவர்கள் திரும்பி வரவில்லை.

அடுத்தது அல்லி அர்ஜுனா. நாங்கள் ஏன் நடிக்க வேண்டும், பத்து மணிக்கு வருகிறவர்களிடமே வள்ளி திருமணத்துக்குப் பதிலாக அல்லியைக் கேட்டுவிட்டு, நம்ம நேரத்தையும் அவர்களுக்கே கொடுத்துவிடலாமே என்றார் கமிட்டியில் ஒருவர். நியாயமான யோசனைதான். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூன் மூன்றாவது ஊரிலிருந்து. ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துவிட்டுப் போன தடத்தில் விடிய விடிய ஆடிவிட்டுப் போவார்கள். அவர் 1922-இல் இறந்தவர். நூறு வருசம் கழித்தும் அந்தத் தடம் அழியவில்லை. எங்கள் பதினோரு பேரையும் ஒரே ஒரு பபூன் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்.

ஆனால் அல்லியின் கதையை யோசியுங்கள். மதுரையை ஆளுகிற ராணி, ஆண் வாடையே ஆகாதவள். நேராக வந்து ஜெயிக்க முடியாத அர்ஜுனன், கண்ணன் பாம்பாட்டியாக வர, தான் பாம்பாகி அவள் படுக்கைக்குப் போய், தூங்குகிறவள் கழுத்தில் தாலி கட்டுகிறான். சின்ன வயதில் இருந்து சிரித்துக்கொண்டு பார்த்த காட்சி. இந்த வருசம் எங்கள் வட்டத்தில் இருக்கிற கல்லூரிப் பெண் கேட்டாள்: “தூங்கும்போது கட்டுனா அது தாலியாண்ணே?” யாருக்கும் பதில் வரவில்லை. வள்ளி கதையிலும் வேடன், கிழவன், யானை என்று மாறிமாறி ஏமாற்றுதான். ஆனால் அங்கே தர்க்கம் பேசுகிற வள்ளிக்கு வாய் இருக்கிறது, முழித்துக்கொண்டும் இருக்கிறாள். அல்லியைப் போடுவதென்றால் அந்தக் கேள்வியோடு போட வேண்டும். தடம் போட்டு வைத்த நாடகத்தில் முடிவை மாற்றச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை இல்லை. அதனால் அதை அவர்களிடமே விட்டுவிட்டோம், எங்கள் ஒன்றரை மணி நேரத்தைத் தவிர.

இனி நிஜமான போட்டி மூன்றுக்குள்.

சாகுந்தலம் வேண்டும் என்று படகுப் பையன்கள் ஒரே பிடியாக நின்றார்கள். காரணம் சகுந்தலை இல்லை, ஆறாம் அங்கத்தில் வருகிற மீன்பிடிக்காரன். மீன் வயிற்றில் ராஜா மோதிரம் கிடைத்து, அதை விற்கப் போனவனைக் காவலர்கள் கையைக் கட்டி அடித்து இழுத்து வருகிறார்கள். உன் மேல் கவிச்சி அடிக்கிறது என்கிறார்கள். குலத்தொழிலை விட முடியாது ஐயா என்கிறான் அவன். கொல்லப்போகிற நேரத்தில் ராஜாவிடமிருந்து மோதிர மதிப்புக்குச் சமமான பரிசு வருகிறது. அதில் பாதியைக் காவலர்களுக்குக் கொடுக்கிறான், உடனே எல்லாரும் கூட்டாளியாகிக் கள்ளுக்கடைக்குப் போகிறார்கள். பிடிபட்டுத் திரும்பி வந்த அனுபவம் உள்ள கடற்கரையில் இந்தக் காட்சிக்கு விளக்கம் தேவையில்லை. அதிகாரம் எப்படி நடக்கிறது என்பதற்குக் காளிதாசனின் அந்த ஐந்து நிமிடம் போதும்.

“என்ன மீனுண்ணே?” என்று ஒருத்தன் கேட்டான். நூலில் ரோகு என்று இருக்கிறது. “அது கம்மாய் மீனுல்ல!” என்று சபை கலைந்தது. கடல் மீனான சீலாவாக மாற்றலாமா என்பதில் அரை மணி நேரம் போனது.

எனக்கு அந்த நாடகத்தில் உறுத்துவது வேறு. மகாபாரதத்தில் மோதிரமும் இல்லை, துர்வாசர் சாபமும் இல்லை. துஷ்யந்தனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. இருந்தும் சபையில் வைத்து உன்னை எனக்குத் தெரியாது என்கிறான். அசரீரி சொன்ன பிறகு, ஊர் சந்தேகப்படக் கூடாதென்றுதான் அப்படிச் செய்தேன் என்கிறான். காளிதாசன் அந்த ராஜாவுக்குச் சாபம் என்கிற குடையைப் பிடித்துவிட்டான். அவன் மறந்தான், மறுக்கவில்லை. கவிதைக்கு அது பெரிய லாபம், சகுந்தலைக்குப் பெரிய நஷ்டம். சாபம் விழுந்தது அவளுடைய இரண்டு தோழிகளுக்கும் தெரியும். மனசு தாங்காது என்று அவளிடம் சொல்லாமல் மறைக்கிறார்கள். பாசத்தால் மறைப்பதும் ஒருவரை ஆட்டிவைப்பதுதான், அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. இதெல்லாம் நல்ல விசயம். ஆனால் சகுந்தலை, இரண்டு தோழிகள், கௌதமி என்று குறைந்தது நான்கு பெண்கள் வேண்டும். எங்களிடம் நடிக்கச் சம்மதித்தது இரண்டு பேர். மோதிரம் இரண்டாவது வரிசைக்கே தெரியாது.

இப்சனின் ‘பொம்மை வீடு’ 1879-இல் வந்த நார்வே நாடகம். ஒரே வீடு, ஐந்தாறு பேர், அரச உடை எதுவும் வேண்டாம். செலவுக் கணக்கில் இதுதான் முதலிடம். நோயாளிப் புருசனைக் காப்பாற்ற நோரா கடன் வாங்குகிறாள். ஜாமீனுக்கு அப்பா கையெழுத்து வேண்டும். அப்பா சாகக் கிடக்கிறார். அவளே போட்டுவிடுகிறாள். அப்பா இறந்தது செப்டம்பர் 29, பத்திரத்தில் தேதி அக்டோபர் 2. கடன் கொடுத்த குரோக்ஸ்டாட் அந்த மூன்று நாளைப் பிடித்துக்கொள்கிறான்.

இதைப் பெண்கள் நான்கைந்து பேருக்கு வாசித்துக் காட்டினேன். குரோக்ஸ்டாட் விளக்குவதற்கு முன்பே இரண்டு பேர் “தேதி போச்சே” என்றார்கள். குழு லோனுக்குப் படிவம் நிரப்புகிறவர்கள். புருசன் கடலுக்குப் போயிருக்கிற நாளில் அவர் கையெழுத்தை மனைவி போடுவதை என் கடை மேஜையிலேயே பார்த்திருக்கிறேன். பேனாவை இரவல் கொடுத்ததும் நான்தான். அதனால் அந்தக் கடன்காரனை வில்லனாகப் பார்க்க அவர்களால் முடியவில்லை. நோராவை அணில்குட்டி, வானம்பாடி என்று கொஞ்சியே சின்னப் பிள்ளையாக வைத்திருக்கிற புருசனைத்தான் பிடிக்கவில்லை. கொஞ்சலில் இருக்கிற அதிகாரத்தை இந்த நாடகம் போல எதுவும் காட்டவில்லை என்பது என் கட்சி.

விட்டதற்கு இரண்டு காரணம். ஒன்று, முடிவு. நோரா வீட்டைவிட்டுப் போகிறாள், கதவு சாத்துகிற சத்தத்தோடு திரை. ஜெர்மனியில் நடிகை ஒருவர் மறுத்ததால் நோரா பிள்ளைகளுக்காக நின்றுவிடுகிற மாதிரி இன்னொரு முடிவை இப்சனே எழுதிக் கொடுக்க நேர்ந்தது, அதை அவர் கடைசிவரை வெறுத்தார். எங்கள் ஊரில் எந்த முடிவு போட்டாலும் ஒரு பாதி ஊர் சண்டைக்கு வரும். “போனவ எங்க போவா? தங்கச்சிமடத்துல தங்கச்சி வீட்டுக்கா?” என்று சிரித்தார்கள், ஆனால் அது சிரிப்பு மட்டும் இல்லை. இரண்டாவது காரணம் அற்பமானது. மணலில் கட்டிய கீற்றுத் தட்டி மேடையில் கதவே கிடையாது. ஐஸ் பெட்டி மூடியை ஓங்கி அடித்துப் பார்த்தோம். மீன் ஏற்றுகிற சத்தம்தான் வந்தது.

மிச்சம் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ. தளபதி ஒத்தெல்லோவை, அவன் கீழே வேலை பார்க்கிற இயாகோ ஒரு கைக்குட்டையை வைத்தே மனைவி டெஸ்டிமோனா மேல் சந்தேகப்பட வைத்து, அவளைக் கொல்ல வைக்கிற கதை. நான் முதலில் இதை விரும்பவில்லை. எல்லாருக்கும் தெரிந்த வில்லன், எல்லாருக்கும் தெரிந்த கைக்குட்டை என்கிற அலுப்பு. மாறியதற்குக் காரணம் இரண்டாம் அங்கத்தின் முதல் வரி. சைப்ரஸ் தீவின் துறைமுகம், புயல். கரையில் நிற்கிறவர்கள் கேட்கிறார்கள்: முனையிலிருந்து கடலில் எதாவது தெரிகிறதா? ஒன்றும் தெரியவில்லை, வெறும் அலைதான். டெஸ்டிமோனா வந்த கப்பல் முந்தி வந்துவிடுகிறது, புருசன் கப்பலைக் காணோம். அவள் கரையில் நின்று மற்றவர்களோடு சிரித்துப் பேசுகிறாள், நான் உள்ளுக்குள் அப்படி இல்லை என்று ஒரு வரியில் ஒதுங்கிச் சொல்கிறாள். வாடைக் காலத்தில் எங்கள் கரையில் நிற்கிற எந்தப் பெண்ணையும் கேளுங்கள், அந்த ஒரு வரியை விளக்குவாள். 1604-இல் லண்டனில் அரசன் முன்னால் நடித்தவர்களைவிட எங்களுக்கு அந்தக் காட்சி பக்கத்தில் இருக்கிறது.

இயாகோ செய்கிற வேலையும் கரைக்குத் தெரிந்ததுதான். மூன்றாம் அங்கத்தில் அவன் சொல்கிற பொய் ரொம்பக் குறைவு. டெஸ்டிமோனாவிடம் பேசிக்கொண்டிருந்த உதவித் தளபதி காசியோ எழுந்து போவதைப் பார்த்து, எனக்கு இது பிடிக்கலை என்று முணுமுணுக்கிறான். என்ன சொன்னாய்? ஒன்றுமில்லை ஐயா. அவன் யோக்கியன்தானே? யோக்கியனாவா, ஐயா? என்ன நினைக்கிறாய்? நினைக்கிறேனாவா, ஐயா? ஒத்தெல்லோ கேட்ட சொல்லையே திருப்பிக் கொடுக்கிறான். சொல்லு சொல்லு என்று கெஞ்ச வைத்துவிட்டுத்தான் சொல்கிறான்.

விடிகாலை ஏலத்தில் இதைத் தினமும் பார்க்கலாம். மீன் கெட்டுப்போச்சு என்று எந்த வியாபாரியும் சொல்ல மாட்டார், சொன்னால் படகுக்காரச் சம்மாட்டி சண்டைக்கு வருவார். கூடையில் மேலே கிடக்கிற பாறை மீனை எடுப்பார். செவுளைத் தூக்குவார். ஒரு நொடி பார்ப்பார். ஒன்றும் சொல்லாமல் பழையபடி வைத்துவிட்டு அடுத்த கூடைக்கு நகர்வார். “என்னண்ணே, என்ன?” “ஒண்ணுமில்லப்பா.” அந்த ஒண்ணுமில்லையில் விலை விழுந்துவிடும். இயாகோ பாத்திரத்துக்கு வந்த பையனை நான் மூன்று நாள் ஏலத்துக்குத்தான் அனுப்பினேன்.

இடைஞ்சல் முதல் அங்கத்தில் இருந்தது. மகள் சொல்லாமல் கொள்ளாமல் அந்நியன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள் என்று தெரிந்ததும் அப்பா பிரபான்சியோ கத்துகிறார்: மருந்து வைத்து மயக்கிவிட்டான்! இதே வார்த்தையை எங்கள் பக்கத்தில் கேட்காதவர் இல்லை. கோயிலும் பள்ளிவாசலும் சர்ச்சும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற கரை இது. எல்லாத் தெருவிலிருந்தும் ஆட்கள் நாடகம் பார்க்க வருவார்கள். யார் வீட்டுக் கதையைச் சொல்கிறார்கள் என்று ஒருத்தர் நினைத்தாலும் போதும். கமிட்டியின் மூன்றாவது நிபந்தனை நேராக இதில் வந்து முட்டியது. நிறத்தையும் பேசினோம். ஒத்தெல்லோ மூர் என்கிற ஆப்பிரிக்க இனத்துக்காரன், கறுப்பு என்று முகத்தில் மை பூசவா? எங்களில் யாருக்கு மை தேவை? பூச்சு வேண்டாம், அவன் வெளியூர்க்காரன் என்பதைப் பேச்சில் காட்டினால் போதும் என்று விட்டோம்.

முதல் அங்கத்தையே எடுத்துவிடலாம் என்று நான் சொன்னபோது கல்லூரிப் பெண் முறைத்தாள். 1887-இல் வெர்டியின் இசைநாடகம் அதைத்தான் செய்தது, நேராகப் புயலில்தான் திரை தூக்குகிறது என்று சான்று காட்டினேன். “அவங்க நேரத்துக்காக வெட்டுனாங்க, நாம பயத்துக்காக வெட்டுறோம்” என்றாள். பதில் சொல்ல வாய் வரவில்லை, வெட்டவும் செய்தோம். ஆனால் ஒன்று தப்பியது. அப்பனை ஏமாற்றியவள் உன்னையும் ஏமாற்றுவாள் என்று பிரபான்சியோ விட்டுப் போன சொல்லை மூன்றாம் அங்கத்தில் இயாகோ எடுத்து ஒத்தெல்லோவின் காதில் போடுகிறான். அது நாடகத்திலேயே இருப்பது, நாங்கள் சேர்க்கவில்லை. அப்பா மேடைக்கு வராமலே அவர் வேலை நடந்துவிடுகிறது. இயாகோவின் மனைவியும் டெஸ்டிமோனாவின் பணிப்பெண்ணுமான எமிலியா, டெஸ்டிமோனா என்று பெண் வேடம் இரண்டோடு நின்றது. காசியோவின் காதலி பியாங்காவை எடுத்துவிட்டோம்.

கைக்குட்டையில்தான் கடைசி வேலை. மே மாதக் கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். முதல் ஒத்திகையில் டெஸ்டிமோனா நழுவவிட்ட கைக்குட்டை எமிலியா குனிவதற்குள் அலைவரை போய்விட்டது. வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டில் சின்னதாக நான்கை மூலைக்கு ஒன்றாக வைத்துத் தைத்தோம். நூலில் ஸ்ட்ராபெரி பூவேலை என்று இருக்கிறது. வெள்ளைத் துணியில் சிவப்பு நூலில் பெரிது பெரிதாகப் போட்டோம், துண்டு அளவுக்கு. கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன், தெரிகிறது.

எமிலியாவாக வருவது ஏலத்தில் கூடை எடுக்கிற அக்கா. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார், ஆனால் கேட்டதை மறக்க மாட்டார். இயாகோவைப் பற்றி நாங்கள் வாரக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தபோது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: “துணிய எடுத்துக் குடுத்தவ இவதானப்பா?” அதற்குப் பிறகு எனக்கு நாடகம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. நூறு தடவை கேட்டான் என்பதற்காக, புருசன் முகம் மலரட்டும் என்று எடுக்கிறாள். துணி எங்கே போச்சு என்று எசமானி கேட்கும்போது எனக்குத் தெரியலையே அம்மா என்கிறாள். இயாகோ கட்டின அத்தனையையும் அந்த ஒரு பொய்தான் நிறுத்தி வைக்கிறது. கடைசியில் அவனுக்கு அடங்குவது முறைதான், ஆனால் இப்போது இல்லை என்று சபையில் எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறாள், உயிரைக் கொடுக்கிறாள். இயாகோ அதோடு வாயை மூடிக்கொள்கிறான், இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று.

திருவிழாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். ஓர் இடம் மட்டும் முடிவாகவில்லை. எமிலியா கைக்குட்டையைக் காட்டி, என்ன தருவே என்று கேட்கும்போது இயாகோ அதைப் பிடுங்குவதாகப் பதிப்புகளில் குறிப்பு இருக்கிறது. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “புடுங்குனா பாவம் அவனோட போயிரும். நான் குடுக்குறேன்” என்கிறார். குடுத்தபிறகு, முக்கியமான வேலைக்கு இல்லையென்றால் திருப்பித் தந்துவிடு, பாவம் அந்த அம்மா தேடுவாள் என்று எமிலியா கேட்கிற வரி இருக்கிறது. அதைச் சொல்லும்போது கையை நீட்டியபடி நிற்கிறார், இயாகோ மடித்து இடுப்பில் செருகும்வரை. நேற்று பிடுங்கியும் பார்த்தோம், கொடுத்தும் பார்த்தோம். ஈயம் வைத்த துணி பிடுங்கும்போது பையன் விரலில் அடித்து நகம் கறுத்துவிட்டது.